கழி நண்டின் பருவமும் இனவிருத்தியும்

வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்குமிடங்களுக்கு நடுவே, பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிச்சாவரம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள உப்பங்கழிகளில் கிடைக்கும் பொருள்களுள் நல்ல விலை பெறுவது கழி நண்டு ஆகும். இதனைச் சேற்று நண்டு என்றும், பச்சை நண்டு என்றும் வழங்குவதுண்டு. உயிருடன் கட்டிக் கூடையிலிட்டால், ஈரம் உலராத வரையில் சில நாட்கள் பிழைத்திருக்கும். ஆதலால் நம் கழியில் பிடிபட்ட நண்டு சென்னை சென்று, அங்கிருந்து ஆகாய விமானமேறிச் சிங்கப்பூர் முதலிய தூர தேசங்களுக்குப் போகிறது.

நெல்லுக்கு உதவாத உவர் நிலங்களில் இறால் குட்டை வெட்டியவர்கள் பலர். 1990-களின் நடுவில் வெள்ளைப் புள்ளி நோய் கிழக்குக் கரையோரம் முழுவதும் பரவி இறாலை அழித்த பின்னர், அவர்களுள் சிலரது கவனம் நண்டின் மேல் செல்லலாயிற்று. அத்தகையவர்கள் சாதாரணமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "கெண்டை மீனைக் குளத்தில் விட்டு வளர்க்கிறோம், ஆடு மாடுகளை ஜோடி சேர்த்துப் பெருக்குகிறோம், ஆண் நண்டையும் பெண் நண்டையும் ஒரு குட்டையில் விட்டு இரை போட்டால், குஞ்சு பெருகாதா? வருஷந்தோறும் விதை நண்டு விலை கொடுத்து வாங்குவானேன்?" என்பதே அது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நண்டு எவ்விதம் பருவமடைகிறது, எங்கே முட்டையிடுகிறது, அதன் குஞ்சு எந்த நீரில் பிழைக்கிறது என்பனவற்றை அறிந்தாலன்றி அதற்கு விடை சொல்ல இயலாது. அவற்றை முறையே கீழே விவரிப்போம்.

இரு ஜாதிகள்

நம் கழிகளில் இரண்டு ஜாதி நண்டுகள் உள்ளன. ஒன்று பெரிய ஜாதி. ஒரு கிலோவுக்கு மேலும் வளரக்கூடியது. இதன் கால்கள் எல்லாவற்றிலும் வலை பின்னினாற் போன்ற கோலம் தெளிவாயிருக்கும். கொடுக்கின் மணிக்கட்டுப் போன்ற கணுவின் வெளிப்புறத்தில் இரண்டு கூரிய முட்கள் காணப்படும். மற்றொன்று சிறிய ஜாதி. கொடுக்கில் செம்மை படர்ந்திருக்கும். கால்களில் கோலம் மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். மேற்சொன்ன கணுவில் முள் ஒன்றே, அதுவும் மழுங்கியதாக இருக்கும். சிறிய ஜாதி கரையில் வளை தோண்டி வாழும் வழக்கமுடையது. ஆகையால் அதனைக் குட்டையில் விடுவோர் கரையை அடிக்கடி பார்வையிட வேண்டும்.

இந்த இனத்திற்குப் பெயரிட்ட வரலாற்றில் நம் பக்கத்து ஊருக்கும் ஓர் இடமுண்டு. 1798-ஆம் வருஷத்தில் டென்மார்க் தேசத்து நிபுணர் பாப்ரிசியஸ் என்பவர் கழி நண்டு ஒன்றிற்குத் தரங்கம்பாடியின் பெயரையே வைத்தார். பின்னர் நெடுங்காலம் ஜாதிகளைப் பற்றிய குழப்பம் நீடித்தது. 1998-ஆம் வருஷத்தில் கீனன், டேவி, மான் என்னும் மூவர் இவ்வினத்தை நான்கு ஜாதிகளாக வரையறுத்தனர். நம் நாட்டுக் கழிகளில் பெரும்பான்மையாக உள்ளவை அந்நான்கினுள் மேற்சொன்ன இரண்டேயாம். குட்டைக்காரருக்கு இதனால் என்ன பிரயோஜனம் எனில், இரண்டு ஜாதிகளும் பருவமடையும் அளவு வேறு வேறு. ஒன்றின் கணக்கை மற்றொன்றிற்கு வைத்துப் பார்த்தால் ஏமாற நேரிடும்.

ஓடு கழற்றுதல்

நண்டின் மேலோடு கல்போல் கடினமானது, அது வளராது. உள்ளே உடல் வளர இடமில்லாமற்போகும்போது, பாம்பு சட்டை உரிப்பதுபோல் நண்டு பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரும். அச்சமயத்தில் அதன் உடல் முழுவதும் பஞ்சுபோல் மெத்தென்றிருக்கும். உடனே அது நீரை ஏராளமாக உட்கொண்டு பருத்து, அந்தப் பருமனுக்கேற்பப் புதிய ஓடு சில நாட்களில் இறுகும். ஆகவே நண்டின் வளர்ச்சி பயிரின் வளர்ச்சியைப் போல் நாளுக்கு நாள் நிகழ்வதன்று. படி ஏறுவதுபோல் ஒவ்வோர் ஓடு கழற்றலிலும் ஒரு தாவலாக நிகழ்வது.

ஓடு கழற்றியவுடன் உள்ள நண்டு பார்வைக்குப் பெரியதாக இருந்தாலும் உள்ளே சதையில்லை; நீரே நிறைந்திருக்கும். வியாபாரிகள் இதனைத் தண்ணீர் நண்டு என்று ஒதுக்குவர். நெல்லில் பதர் எப்படியோ, நண்டில் இஃது அப்படி. தண்ணீர் நண்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, மூன்று நான்கு வாரம் இரை போட்டுச் சதை பிடிக்கச் செய்து விற்பதே நண்டு கொழுக்கவைத்தல் என்னும் தொழிலாகும். இவ்வாறு ஓடு மெத்தென்றிருக்கும் சமயத்தில்தான் பெண் நண்டின் சேர்க்கையும் நடைபெறுகிறது என்பதை ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

ஆண் பெண் பேதமும் பருவக் குறிகளும்

நண்டை மல்லாத்திப் பார்த்தால் வயிற்றின் மேல் மடிந்து ஒட்டியிருக்கும் மடல் ஒன்று தெரியும். ஆண் நண்டிற்கு அம்மடல் குறுகலாக நுனி கூர்ந்திருக்கும். பெண்ணிற்கு அதைவிட அகலமானது. பெண் நண்டிலும் பருவமடையாததற்கும் பருவமடைந்ததற்கும் மடலில் தெளிவான பேதமுண்டு. பருவமடையாத பெண்ணின் மடல் முக்கோண வடிவாகவும், வெளிறிய நிறமாகவும் இருக்கும். பருவமடைந்ததன் மடல் அரைவட்டமாக அகன்று, கருமை கலந்த நிறங்கொண்டு, ஓரத்தில் மயிர் அடர்ந்து, வயிற்றின் அடிப்பாகத்தை ஏறக்குறைய முழுதும் மூடிக்கொண்டிருக்கும். மடலைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே நான்கு ஜோடிச் சிறு கிளைக் கால்கள் காணப்படும். முட்டைகளை ஒட்டவைத்துச் சுமப்பதற்கு உரிய மயிர்கள் அவற்றில் நிறைந்திருக்கும்.

முக்கோண மடல் அரைவட்ட மடலாக மாறுவது சிறிது சிறிதாக அன்று; ஒரே ஓடு கழற்றலில் அம்மாறுதல் நிகழ்ந்துவிடுகிறது. இதனையே பருவ ஓடு கழற்றல் எனலாம். சிறிய ஜாதியில் மேலோட்டின் அகலம் ஏறக்குறைய 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆகும்போதும், பெரிய ஜாதியில் 12 சென்டிமீட்டரை ஒட்டியும் இது சாதாரணமாக நேர்கிறது. இரையையும் நீரையும் பொறுத்து இவ்வளவு முன்பின்னாகலாம். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் நண்டு குஞ்சுப் பருவத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷத்திற்குள் இந்நிலையை அடைந்துவிடும்.

பருவ ஓடு கழற்றலுக்குப் பின் பெண் நண்டு பெரும்பாலும் மீண்டும் ஓடு கழற்றுவதில்லை. ஆதலால் அரைவட்ட மடலுள்ள பெண் நண்டை வாங்கிக் குட்டையில் விட்டு, அது இன்னும் பெரிதாகும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர் இரையையும் காலத்தையும் வீணாக்குகிறார். அந்நண்டு சதை பிடிக்கும், சினை கட்டும், ஆனால் அகலத்தில் வளர்வது அரிது. அளவில் வளரவேண்டுமானால் முக்கோண மடலுள்ள இளம் பெண்களையும், ஆண்களையுமே வாங்கவேண்டும். இந்த ஓர் அடையாளத்தைக் கற்றுக்கொள்வதே ஒரு போகத்தின் லாப நஷ்டத்தை மாற்றக்கூடியது.

ஆண் நண்டு பருவமடைவதை மடலைக்கொண்டு அறிய இயலாது. அதன் கொடுக்குகள் உடலின் அளவுக்கு மிஞ்சிப் பருப்பதே வெளிக்குறியாகும். கொடுக்கு பெரிதாக உள்ள ஆணே மற்ற ஆண்களை விரட்டிப் பெண்ணைக் கைப்பற்றுவது.

சேர்க்கை

கழிகளில் பாறையிலும் வேரிலும் ஒட்டி வாழும் ஆளியும், தூர தேசங்களில் தொட்டி கட்டி வளர்க்கப்படும் அபலோன் என்னும் கடல் நத்தையும், ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தனித்தனியே நீரில் விட்டுவிடுவன. கருத்தரிப்பது வெளி நீரிலேயே. நண்டு அவ்விதமன்று. இதில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே தீரவேண்டும். அதுவும் பெண் ஓடு கழற்றும் தருணத்தில் சேரவேண்டும்.

பருவ ஓடு கழற்றப்போகும் பெண்ணை ஆண் நண்டு மோப்பத்தால் அறிந்து நாடிச் சென்று, அதன் முதுகின் மேலேறிக் கால்களால் அணைத்துக்கொண்டு சில நாட்கள் சுமந்து திரியும். பெண் ஓடு கழற்றியவுடன், மெத்தென்றுள்ள அதனை ஆண் மெதுவாகப் புரட்டி மல்லாத்திச் சேரும். சேர்க்கை பல மணி நேரம் நீடிக்கும். அதன் பின்னும் பெண்ணின் ஓடு இறுகும் வரை ஆண் அதனை விட்டுப் பிரியாது காவல் காக்கும். இக்காவலில்லாவிட்டால், மெத்தென்ற நண்டை மற்ற நண்டுகள் தின்றுவிடும்.

ஆண் கொடுக்கும் விந்து சிறு சிறு பொட்டணங்களாகப் பெண்ணின் உடலிலுள்ள பைகளில் சேமிக்கப்படுகிறது. அது மாதக்கணக்கில் கெடாமலிருக்கும். ஒரே சேர்க்கையில் பெற்ற விந்தைக்கொண்டு பெண் நண்டு ஒன்றுக்கு மேற்பட்ட ஈடு முட்டைகளைக் கருவாக்க வல்லது. ஆகையால் பருவமடைந்த பெண்ணொன்று தனியாகப் பிடிபட்டாலும், அது ஆணைச் சேர்ந்ததாயிருப்பின், பின்னர் ஆணின்றியே முட்டையிடும்.

சினை முதிர்தல்

சேர்க்கை முடிந்த பின்னரே பெண்ணின் வயிற்றில் சினை நன்கு வளரத் தொடங்குகிறது. முதலில் வெண்மையாகவும், கண்ணாடிபோல் தெளிவாகவும் இருந்த சினை, பின் மஞ்சளாகி, அதன்பின் நாரத்தம்பழ நிறமடைந்து, முதிர்ந்த நிலையில் செம்மை கலந்த ஆழ்ந்த நிறம் பெறும். நண்டைக் கொல்லாமலே இதனை அறியலாம். மேலோட்டின் பின்விளிம்பும் மடலின் முதற் கணுவும் சேருமிடத்தில் மெல்லிய தோல் ஒன்றுண்டு. கணுவைக் கட்டை விரலால் மெதுவாகக் கீழே அமுக்கினால், அத்தோலின் வழியாக உள்ளிருக்கும் சினையின் நிறம் தெரியும். நண்டு வியாபாரிகளும் குஞ்சு பொரிப்பகத்தாரும் இம்முறையையே கையாளுகின்றனர்.

இங்கே இரண்டு நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். வயிற்றினுள்ளே சினை நிறைந்திருப்பது ஒன்று. அது வெளியே வந்து மடலின் கீழ்க் கொத்தாகத் தொங்குவது மற்றொன்று. முன்னது உட்சினை, பின்னது வெளிச்சினை. உட்சினை நிறைந்த பெண்ணை வாங்குவோர் அதிக விலை கொடுப்பர். வெளிச்சினை வந்த நண்டோ தன் சத்தையெல்லாம் முட்டைக்குக் கொடுத்துவிட்டது. அதற்கு வியாபார மதிப்புக் குறைவு.

முட்டையிடக் கடலுக்குச் செல்லுதல்

கழியில் பிறவாமல் கழியில் வளரும் பிராணி இது என்றால் வியப்பாயிருக்கலாம். ஆனால் உண்மை அதுவே. சினை முதிர்ந்த பெண் நண்டு கழியை விட்டு முகத்துவாரம் வழியாகக் கடலுக்குச் செல்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தபோது, கரைக்கு அப்பால் பல பத்துக் கிலோமீட்டர் தூரத்திலும் முட்டை சுமந்த பெண் நண்டுகள் வலையில் அகப்பட்டன. ஆண் நண்டுகள் பெரும்பாலும் கழியிலேயே தங்கிவிடும்.

கடலுக்குச் செல்வதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, உப்பு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்து வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் வெள்ளம் இறங்குங்கால், கழி நீர் ஏறக்குறைய நல்ல தண்ணீராகிவிடும். வளர்ந்த நண்டு அதனைத் தாங்கும்; இளங்குஞ்சு தாங்காது. கடல்நீரில் ஆயிரத்திற்கு 35 பங்கு உப்பு உள்ளது. குஞ்சு பிழைப்பதற்கு அதையொட்டிய உப்பு வேண்டும். இரண்டாவது, மணல். பெண் நண்டு முட்டைகளை வெளியிடும்போது மணலில் சிறிது புதைந்துகொண்டு, மடலுக்கும் மணலுக்குமிடையே ஒரு குழிவு செய்துகொள்கிறது. அக்குழிவில் விழும் முட்டைகள் கிளைக் கால்களின் மயிர்களில் ஒட்டிக்கொள்கின்றன. மணலில்லாத வெறுந்தரையில் முட்டைகள் ஒட்டாமல் சிதறி வீணாகிவிடும்.

ஓர் ஈட்டில் பெண் நண்டு இடும் முட்டைகள் பத்து லட்சத்திற்குக் குறையாது. பெரிய நண்டு பல பத்து லட்சங்கள் இடும். முட்டைகள் முதலில் நாரத்தம்பழ நிறமாயிருந்து, உள்ளே கரு வளர வளரப் பழுப்பாகி, பொரிக்குந் தருணத்தில் கருமையடையும். நம் கடல்நீரின் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய 10 முதல் 12 நாட்களாகும். அந்நாட்களில் தாய் நண்டு முட்டைக் கொத்தைக் கால்களால் கோதி, நீரோட்டம் படச்செய்து காத்துவரும்.

குஞ்சின் பருவங்கள்

பொரிக்கும் குஞ்சுக்கு நண்டின் வடிவமில்லை. முள்ளும் வாலும் உடைய நுண்ணிய நீந்தும் பிராணியாக அது கடலில் மிதக்கும். இதற்கு ஜோயியா என்று பெயர். இந்நிலையில் ஐந்து படிகள் உண்டு. அவற்றைக் கடக்கப் பதினாறு முதல் இருபது நாட்கள் செல்லும். பின் மெகலோபா என்னும் இடைநிலையை அடையும். அப்போது சிறு கொடுக்குகள் தோன்றும். ஆனால் வால் நீண்டிருக்கும். மேலும் ஒரு வாரம் அல்லது பத்து நாட்கள் கழித்து வால் மடங்கி, மெய்யான நண்டின் வடிவம் பெறும். இந்தப் பருவங்களை முட்டையிலிருந்து வளர்த்து முதன்முதல் முறையாக விவரித்தவர் மலேயாவைச் சேர்ந்த ஓங் என்னும் நிபுணர்; அது 1964-ஆம் வருஷத்தில்.

நண்டு வடிவம் பெறுங்காலத்தில் குஞ்சு கரையை நாடி, முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் புகுந்து, அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே சேற்றில் ஒளிந்து வளர்கிறது. பிச்சாவரத்து அலையாத்திக் காடு ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புள்ளது. அக்காடு நம் பகுதி நண்டிற்கு நாற்றங்கால் என்று சொன்னால் மிகையாகாது. நாற்றங்கால் அழிந்தால் நடவு ஏது?

குட்டையில் பெருகாமைக்குக் காரணம்

இப்போது முதலிற் கேட்ட கேள்விக்கு விடை எளிது. குட்டையில் ஆணும் பெண்ணும் சேரும். பெண் சினை கட்டும். சில வேளை முட்டையிடவும் கூடும். ஆனால் குட்டையின் தரை சேறு. முட்டை சரிவர ஒட்டாது. ஒட்டினாலும் குட்டை நீரின் உப்பு மழையாலும் வெயிலாலும் ஏறி இறங்கும். ஜோயியா அதனைத் தாங்காது. அதனையும் கடந்தால், முதற்படிக் குஞ்சுக்கு வேண்டிய நுண்ணிய இரை குட்டையில் போதுமானபடி கிடைப்பதில்லை. எல்லாம் வாய்த்தாலும், அதே குட்டையிலுள்ள மீனும் இறாலும் அக்குஞ்சைத் தின்றுவிடும். ஆகவே குட்டை நண்டின் வீடாகலாம், பிரசவ அறையாகாது. நாம் குட்டையில் விடும் ஒவ்வொரு நண்டும் கடலுக்குச் சென்று திரும்பிய ஒரு தாயின் வயிற்றிலிருந்து வந்தது. அல்லது குஞ்சு பொரிப்பகத்திலிருந்து வந்தது. மூன்றாம் வழியில்லை.

செயற்கை முறையில் குஞ்சு பொரித்தல்

கொள்ளிடத்திற்குத் தெற்கே, சீர்காழித் தாலுகா தொடுவாய் என்னும் கடற்கரை ஊரில், கடல் பொருள் ஏற்றுமதி அபிவிருத்தி ஆணையத்தைச் சேர்ந்த ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் கழி நண்டுக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை நிறுவியது. முன்னர் நாகப்பட்டினம் ஜில்லாவிலிருந்த அவ்வூர், 2020-ஆம் வருஷம் முதல் மயிலாடுதுறை ஜில்லாவைச் சேர்ந்தது.

இத்தகைய பொரிப்பகங்களில் நடைபெறும் வேலை, கடல் செய்யும் வேலையையே தொட்டிக்குள் செய்வதாகும். சினை முதிர்ந்த பெண் நண்டுகளைத் தேர்ந்தெடுத்து, சுத்தமான கடல்நீருள்ள தொட்டிகளில், ஒரு பக்கம் மணல் பரப்பி, மங்கிய வெளிச்சத்தில் வைப்பர். கணவாய், மட்டி முதலிய சத்துள்ள இரை கொடுப்பர். நண்டின் கண் தண்டில் சினை வளர்ச்சியைத் தடுக்கும் ஒரு சுரப்பு உண்டாகிறது. இறால் பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண் தண்டை நீக்கி அத்தடையைக் குறைப்பது வழக்கம். நண்டிலும் இம்முறை சில இடங்களில் கையாளப்படுகிறது; எனினும் நல்ல இரையும் நீரும் இருந்தால் நண்டு இச்சிகிச்சையின்றியே முட்டையிடும்.

முட்டை கறுத்தவுடன் தாயைத் தனித் தொட்டிக்கு மாற்றுவர். பொரித்த குஞ்சுகளுக்கு முதலில் ரோட்டிபர் என்னும் நுண்ணுயிரையும், பின்னர் ஆர்ட்டீமியா என்னும் உப்பளப் பூச்சியின் குஞ்சையும் இரையாகக் கொடுப்பர். இவ்வளவு கவனித்தும் நூற்றுக்குப் பத்துக் குஞ்சுகூட நண்டு வடிவம் பெறாமற்போவது சாதாரணம். குஞ்சுகள் ஒன்றையொன்று தின்பதும், படி மாறும்போது பழைய ஓட்டிலிருந்து விடுபட மாட்டாமல் இறப்பதும் இதற்குக் காரணங்கள். விதை நண்டின் விலையைக் கேட்டு முணுமுணுப்பவர்கள் இந்த நஷ்டக் கணக்கையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குட்டைக்காரர்கள் அனுசரிக்க வேண்டியவை

1. நண்டு வாங்கும்போது ஒவ்வொன்றையும் மல்லாத்திப் பார்க்கவும். வளர்ப்பதற்கு முக்கோண மடலுள்ள பெண்ணும், ஆணும். சதை பிடிக்கவைத்து விற்பதற்கு மட்டுமே அரைவட்ட மடலுள்ள பெண்.

2. பொரிப்பகக் குஞ்சு வாங்கினால் நேரே பெரிய குட்டையில் விடாமல், வலை கட்டிய சிறு அடைப்பில் சில வாரங்கள் வளர்த்து, ஓரளவு பெரிதானபின் விடவும். நாற்று விட்டுப் பின் நடுவது போன்றது இது.

3. சம அளவுள்ளவற்றை ஒன்றாக விடவும். பெரியதும் சிறியதும் கலந்தால் சிறியது இரையாகும். ஓடு கழற்றும் நண்டு ஒளிந்துகொள்ள ஓட்டுக் குழாய், பனை மட்டை முதலியன குட்டையின் அடியில் போட்டுவைக்கவும்.

4. இரையாகக் கழிவு மீன், மட்டிச் சதை முதலியவற்றை, நண்டுகளின் மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை, முக்கியமாக மாலையில் போடவும். நண்டு இரவில் மேய்வது. மறுநாள் மிஞ்சியதைப் பார்த்து அளவைக் கூட்டவும் குறைக்கவும்.

5. குட்டையில் வளர்ந்து உட்சினை நிறைந்த பெண்ணை விற்பதில் குற்றமில்லை. அடைபட்ட நண்டு கடலைச் சேர்ந்து குஞ்சு பொரிக்கப் போவதில்லை. தக்க விலைக்கு விற்பதே உசிதம். ஆனால் கழியிலும் முகத்துவாரத்திலும் கடலிலும் பிடிபடும் வெளிச்சினை நண்டை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. முட்டை பத்து லட்சம் என்றே வைத்துக்கொண்டு, ஆயிரத்தில் ஒன்றே நண்டாகும் என்று எண்ணினாலும், ஒரு தாயைக் கொல்வது ஆயிரம் விதை நண்டுகளைக் கொல்வதாகும். அந்தத் தாய்க்குக் கிடைக்கும் விலையோ அற்பம். விதை நெல்லைக் குத்திச் சமைக்கும் குடியானவன் நம் நாட்டில் இல்லை. நண்டிலும் அந்தப் புத்தி வேண்டும்.

6. அவ்வாறு பிடிபட்ட வெளிச்சினை நண்டை, கொத்து உலராமல் ஈரச் சாக்கில் வைத்து, கூடிய விரைவில் முகத்துவாரத்தையொட்டிய கடல்நீரில் விட்டுவிடவும். கழியின் உள்ளே விடுவதால் பயனில்லை.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

தாய் நண்டு வெளியே செல்வதும், குஞ்சு உள்ளே வருவதும் ஒரே வாசல் வழியாக, அவ்வாசல் முகத்துவாரமே. கோடையில் ஆற்று நீர் வற்றி, மணல் திட்டு வளர்ந்து முகத்துவாரம் குறுகுமானால் அதனைக் காலத்தில் மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமையாகும். முகத்துவாரத்தை அடைத்துக் குறுக்கே வலை கட்டுவதையும் தடுக்கவேண்டும்.

உவர்நீர்க் குட்டை வைத்திருப்போர் 2005-ஆம் வருஷத்துக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இச்சட்டம் 2023-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்டுள்ளது. இதற்கு முன் 1996-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11-ந் தேதி உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கடலோரத்து இறால் குட்டைகளால் விளைநிலத்திற்கும் குடிநீருக்கும் நேர்ந்த தீங்குகளை எடுத்துக்காட்டிற்று. அலையாத்திக் காட்டை அழித்தோ, நன்செய் நிலத்தை மாற்றியோ உவர்நீர்க் குட்டை வெட்ட இடங்கொடுக்கலாகாது. உவர்நீர் ஒருமுறை நன்செய்யில் ஊறினால், பக்கத்து நிலத்தானும் நஷ்டமடைவான்.

அலையாத்தி பட்டுப்போன இடங்களில் 1990-களில் வனத்துறையும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, மீன் முள்போல் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஏற்ற நீர் உட்புகச் செய்து, கன்றுகள் நட்டுக் காட்டை மீட்டன. அவ்வாய்க்கால்கள் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதில் கிராமத்தார் ஒத்துழைப்பு அவசியம். வாய்க்காலில் ஏற்றநீர் ஏறினால் மரம் பிழைக்கும். மரத்தடியில் நண்டுக் குஞ்சு பிழைக்கும்.

நண்டின் இனவிருத்தியில் மனிதன் செய்யக்கூடியது கொஞ்சமே. சேர்க்கையும், சினையும், கடற்பயணமும் அது தானே நடத்திக்கொள்வது. வாசலைத் திறந்துவைப்பதும், தாயைப் போகவிடுவதும், காட்டை நிறுத்திவைப்பதும் நம் பங்கு. இம்மூன்றையும் கழியோரத்து ஊர்கள் சேர்ந்து செய்துவருமாயின், குட்டைக்குரிய விதை நண்டு நம் கழியிலேயே ஆண்டுதோறும் கிடைத்துவரும்.